காத்திருக்கத் தெரிந்த மொழி

அன்புள்ள யாழினி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அத்தை, ஆபீஸ்ல டீம் லீட் சி போதும்ங்கிறார். பக்கத்து சீட் பையன் இனிமே ரஸ்ட்டுதான்ங்கிறான். காலேஜ்ல பைத்தான் மட்டும்தான் உருப்படியா சொல்லிக்கொடுத்தாங்க. நான் எதைப் பிடிச்சுக்கிறது?" என்று கேட்டாய். "முதல்ல சி படி" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருந்ததால் போனை வைத்துவிட்டேன். அந்தப் பதிலில் தப்பில்லை. ஆனால் காரணம் இல்லாமல் கொடுத்த பதில் உனக்கு அதிக நாள் உதவாது. வேறு யாராவது வேறொரு மொழியின் பெயரை என்னைவிட உரக்கச் சொன்னால் மறுபடியும் குழம்புவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மொழிக்கு முன்னால் செல்லைப் பற்றிப் பேச வேண்டும். சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அந்த டபுள் ஏ செல் இரண்டை எடுத்துக்கொள். நல்ல ஆல்கலைன் செல் ஏறத்தாழ 2500 மில்லி ஆம்பியர்-மணி கொடுக்கும். சென்சாரும் சிறு கணினியும் ரேடியோவும் சேர்ந்து செல்லில் ஓடும் கருவியை மோட் என்போம். நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட டெலோஸ் மோட்டில் சிசி2420 என்று ஒரு ரேடியோ சிப் இருந்தது. அனுப்பும்போது அது 17.4 மில்லி ஆம்பியர் இழுக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போது 18.8. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தரம் நிதானமாகப் பார். பேசுவதைவிடக் கேட்பதற்குத்தான் அதற்குச் செலவு அதிகம். யாருமே ஒன்றும் சொல்லாவிட்டாலும், சொல்லுவார்களோ என்று காதைத் திறந்து வைத்திருந்தாலே அவ்வளவும் போய்க்கொண்டிருக்கும். ரேடியோவை அணைக்காமல் விட்டால் ஐந்தரை நாளில் செல் காலி. நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து, மீதி நேரமெல்லாம் மோட்டைத் தூங்கவைத்தால் அதே செல் ஒன்றரை வருஷம் வரும். தூங்குகிற மோட் முழுவதும் சேர்ந்தே ஐந்து மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் இழுக்கிறது.

ஐந்தரை நாளா ஒன்றரை வருஷமா என்பதை நீ எழுதும் நிரல்தான் தீர்மானிக்கிறது. அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது இங்கே இரண்டாம்பட்சம். வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நூறு நொடியில் தொண்ணூற்றொன்பது நொடி சும்மா இருக்க வேண்டிய ஒரு பொருளுக்கு நீ நிரல் எழுதப் போகிறாய். அதனால் யாராவது ஒரு மொழியைப் புகழ்ந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: அதில் காத்திருப்பதை எப்படி எழுதுவார்கள்?

பெரிய கணினியில் இதைப் பற்றி நீ யோசித்திருக்கவே மாட்டாய். 'தரவு வரும்வரை நில்' என்று ஒரு வரி எழுதினால், இயங்குதளம் அந்த த்ரெட்டை ஓரமாக உட்காரவைத்துவிட்டு வேறொன்றை ஓட்டும். அப்படி ஓரமாக வைக்க ஒவ்வொரு த்ரெட்டுக்கும் சொந்தமாக ஒரு ஸ்டாக் வேண்டும். எந்த வரியில் விட்டோம், கையில் என்ன எண் இருந்தது என்பதெல்லாம் அதில்தான் கிடக்கும். 2000-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஹில், டேவிட் கல்லர் முதலானவர்கள் டைனிஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றி எழுதியபோது அவர்கள் கையிலிருந்த மோட்டில் மொத்த ரேமே 512 பைட். நீ இப்போது வாசிக்கிற இந்தப் பத்தியைத் தமிழில் தட்டிச் சேமித்தால்கூட அதற்குள் அடங்காது. அதில் எத்தனை ஸ்டாக்குக்கு இடம் ஒதுக்குவது? இயங்குதளத்தின் கருவை அவர்கள் 178 பைட்டுக்குள் முடித்தார்கள். இந்த எண்ணை முதலில் படித்த அன்று நான் அதை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

அவர்கள் பிடித்த வழி என்னவென்றால், நின்று காத்திருக்கும் வேலையையே நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெப்பநிலை வேண்டுமா? 'அளந்து சொல்' என்று கட்டளை கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடு. அளவு தயாரானதும் அது ஒரு நிகழ்வாக உன்னைத் தேடி வரும். நடுவில் யாருக்கும் வேலை இல்லையென்றால் சிப் தானாகத் தூங்கிவிடும். கேட்பது ஒரு துண்டு, பெறுவது ஒரு துண்டு. டேவிட் கே, பிலிப் லெவிஸ், மேட் வெல்ஷ், எரிக் ப்ரூவர், கல்லர் உள்ளிட்டோர் 2003-இல் வெளியிட்ட நெஸ்சி என்ற மொழி இந்தப் பழக்கத்துக்கு இலக்கணம் வகுத்தது. சி மொழியின் மேலேயே கட்டியது அது. நிரலைச் சிறு கூறுகளாக எழுதி, எந்தக் கூறு எதோடு சேர்கிறது என்பதை ஒயர் இழுத்து இணைப்பதுபோல் தனியாக எழுத வேண்டும். ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்க வழியில்லை. ஃபங்ஷன் பாயின்டரும் கிடையாது.

முதலில் கையைக் கட்டிப்போட்ட மாதிரிதான் இருக்கும். ஆனால் அப்படிக் கட்டியதால்தான் முழு நிரலும் கம்பைலரின் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஒரு இன்டரப்ட்டும் ஒரு சாதாரண வேலையும் ஒரே மாறியைப் பாதுகாப்பில்லாமல் தொடுகிற இடங்களைக் கம்பைலரே காட்டிக்கொடுத்தது. பத்து நாளைக்கு ஒரு தரம் மட்டும் தலைகாட்டும் பிழை அது. மரத்தில் கட்டிய பெட்டிக்குள் அதைத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் அந்த உதவியின் அருமை தெரியும்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு தேவை இருந்தது. 2002 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால், கிரேட் டக் தீவில், லீச் புயல்பறவைகள் மண்ணில் குடைந்து கூடு வைக்கிற வளைகளுக்குள்ளும் வெளியேயும் பெர்க்லிக்காரர்கள் மோட்டுகளை வைத்தார்கள். மனிதர்கள் போய்வந்துகொண்டே இருந்தால் அந்தப் பறவைகளின் இனப்பெருக்கமே கெட்டுவிடும். ஆளே போகாமல் வளைக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பாடும். செல் தீர்ந்துவிட்டது என்று நடுப்பருவத்தில் வளைக்குள் கைவிட முடியாது. நெஸ்சியின் கெடுபிடி ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட இடங்களை மனத்தில் வைத்து வந்தது.

ஆனாலும் எனக்கு அதில் பொறுமை போன காலம் உண்டு. 'மண் ஈரம் அள, சூடு அள, இரண்டையும் சேர்த்து அனுப்பு, பதில் வராவிட்டால் இன்னொரு தரம் அனுப்பு.' வாயால் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற வேலை. நெஸ்சியில் அது ஏழெட்டு ஃபங்ஷன்களாகச் சிதறிக் கிடக்கும். ஒரு துண்டில் ஆரம்பித்த யோசனை எந்தத் துண்டில் முடிகிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். மூன்று மாதம் கழித்து நம் நிரலை நாமே திறந்தால் வேறு யாரோ எழுதியது போலிருக்கும். அதனால் ஒரு திட்டத்துக்கு நெஸ்சியை விட்டுவிட்டு, அதே வன்பொருளில் வெறும் சியில் எழுதினேன். அதில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

கம்பம் பக்கத்திலிருந்து மலையேறிப் போகிற ஒரு ஏலத்தோட்டம். பதினான்கு மோட்டுகள். ஏலத்துக்கு மண்ணில் ஈரம் கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. வேரழுகல் எந்தச் சரிவில் ஆரம்பிக்கும் என்று முன்கூட்டித் தெரிந்தால் தோட்டக்காரர்களுக்குப் பெரிய உதவி. ஜூன் முதல் வாரத்தில் கட்டிவிட்டுக் கீழே இறங்கினோம். அந்தச் சென்சார் அளந்து முடித்ததும் தன் தரவுக் கம்பியைத் தாழ்த்தும். நான் எழுதியது ஒரே வரி: கம்பி தாழும்வரை சுற்றிக்கொண்டிரு. மேஜையில் அது கால் நொடிக்கும் குறைவான காத்திருப்பு. நூறு முறை சோதித்தேன், நூறு முறையும் கம்பி தாழ்ந்தது.

மலையில் மழை பிடித்தது. இணைப்பிகளுக்குள் நீர் இறங்கி, செம்பு பச்சை பூத்துவிட்டது. கம்பி தாழவே இல்லை. என் நிரல் அந்த ஒரு வரியிலேயே சுற்றிக்கொண்டு, தூங்காமல், ரேடியோவையும் திறக்காமல், 1.8 மில்லி ஆம்பியரைக் குடித்துக்கொண்டே இருந்தது. இப்படிச் சிக்கினால் தானாக மீட்டமைக்க வாட்ச்டாக் டைமர் இருக்கிறதே என்று நீ கேட்பாய். இருந்தது. ஆனால் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று அதற்குச் சொல்லும் வரியை நான் ஒரு டைமர் இன்டரப்ட்டுக்குள் வைத்திருந்தேன். முதன்மை நிரல் எங்கே சிக்கிக் கிடந்தாலும் இன்டரப்ட் தவறாமல் வந்து எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். ஆகஸ்டில் நாங்கள் ஏறியபோது ஆறு மோட்டுகள் பேசவில்லை. திறந்து பார்த்தால் செல் வற்றிக் கிடந்தது. செல் வற்றியதால் ரேமில் இருந்த தடயமும் போய்விட்டது. ஏன் செத்தது என்று கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அந்தத் தோட்டத்து மேஸ்திரி தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பார். சரிவு சரிவாக மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்து, ஈரம், அதிக ஈரம் என்று பக்கத்திலேயே குறிப்பார். பேசாத ஆறு சரிவுகளுக்கும் அந்த மழைக்காலத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே பதிவு அந்த நோட்டுதான். அவர் அதைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் நான் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், ஏற்கெனவே கையால் எழுதுபவர் யார் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது மொழிக்கு வருகிறேன். வேறு மொழியில் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். செம்பு அப்போதும் பச்சை பூத்திருக்கும். 'இவ்வளவு நேரத்துக்குள் பதில் வராவிட்டால் விட்டுவிடு' என்று எழுத அப்போதும் மறந்திருப்பேன். ஆனால் நெஸ்சியில் எழுதியிருந்தால், பதிலுக்காகக் காத்திருந்த சென்சார் ஒன்று மட்டும் பேசாமல் போயிருக்கும். மோட் தூங்கியிருக்கும், மற்ற அளவுகள் வந்துகொண்டிருந்திருக்கும், செல்லும் மிஞ்சியிருக்கும். செய்தது அதே தவறுதான், போனது கொஞ்சம். மலையில் வைக்கப்போகிற பொருளுக்கு மொழி தேடும்போது, அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்க்காதே. நீ மறக்கிற அன்று எவ்வளவு பிடுங்கிக்கொள்ளும் என்று பார்.

நெஸ்சியின் துண்டாடலையும் என் சுற்றிக்கொண்டிருக்கும் வரியையும் தவிர்த்து, நடுவில் ஒரு வழி இருந்தது. ஸ்வீடனில் ஆடம் டங்கல்ஸ் கான்டிகி என்ற இயங்குதளத்தை எழுதினார். அவரும் சக ஆய்வாளர்களும் 2006-இல் விவரித்த புரோட்டோத்ரெட் என்ற உத்தி, 'இது நடக்கும்வரை காத்திரு' என்று நேர்வரிசையில் எழுதவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் அது எடுத்துக்கொள்ளும் ரேம் வெறும் 2 பைட். எந்த வரியில் விட்டோம் என்ற எண் மட்டும்தான் சேமிக்கப்படுகிறது. தனி மொழி, தனி கம்பைலர் எதுவும் வேண்டாம். சியின் ஸ்விட்ச் கட்டளையை ஒரு லூப்பின் நடுவிலேயே குதிக்கவைக்கலாம் என்று 1983-இல் டாம் டஃப் காட்டிய வித்தையை வைத்தே வெறும் மேக்ரோக்களால் கட்டிவிட்டார்கள். அதைப் படித்துப் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவு சிறியதில் அவ்வளவு வசதியா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அதிலும் ஒரு பொறி உண்டு. ஸ்டாக் இல்லாததால், காத்திருக்கப் போகும்போது ஃபங்ஷனுக்குள் இருந்த சாதாரண மாறிகள் அழிந்துவிடும். எத்தனை தரம் அனுப்பினோம் என்று ஒரு எண்ணி வைத்திருப்பாய். தூங்கி எழுந்து பார்த்தால் அதில் ஏதோ குப்பை இருக்கும். கம்பைலர் சில நேரம் எச்சரிக்கும், சில நேரம் விட்டுவிடும். அதை ஸ்டாட்டிக் என்று அறிவிக்க நீதான் நினைவு வைத்திருக்க வேண்டும்.

ரஸ்ட்டைப் பற்றி உன் பக்கத்து சீட் பையன் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று நான் நினைப்பது இந்த இடத்தில்தான். 2019 நவம்பரில் வந்த 1.39 பதிப்பிலிருந்து ரஸ்ட்டில் ஏசிங்க், அவெயிட் நிலைபெற்றன. காத்திருக்க வேண்டிய வேலையை நீ நேர்வரிசையில் எழுதுகிறாய். அதை உள்ளே துண்டு துண்டாக வெட்டி, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நகரும் இயந்திரமாக மாற்றும் வேலையைக் கம்பைலர் செய்கிறது. எந்த மாறிகள் காத்திருப்பைத் தாண்டி உயிரோடிருக்க வேண்டும் என்று அதுவே கணக்கிட்டு, அவற்றுக்கு மட்டும் இடம் ஒதுக்குகிறது. அந்த இடத்தின் அளவு கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும். நெஸ்சியில் நாங்கள் கையால் வெட்டியதும், புரோட்டோத்ரெட்டில் நினைவு வைத்துக்கொண்டதும் கம்பைலரின் பொறுப்பாகிவிட்டன. எம்பஸி என்ற ரஸ்ட் சட்டகத்தில், எந்த வேலையும் இல்லாதபோது சிப் தானாகத் தூங்கப் போகிறது. ஒரு பின்னையோ ஒரு டைமரையோ நிரலின் இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் எனது என்று பிடித்துக்கொள்ளவும் அந்த மொழியின் உடைமை விதி இடம் கொடுக்காது. டைனிஓஎஸ் எழுதியவர்களில் ஒருவரான பிலிப் லெவிஸ், 2017-இல் வெளியான, ரஸ்ட்டில் எழுதிய டாக் இயங்குதளத்தின் ஆய்வுக் கட்டுரையிலும் ஓர் ஆசிரியர். இதை நான் ஒரு பரம்பரையாகத்தான் பார்க்கிறேன்.

அப்படியென்றால் ஏன் முதலில் சி என்றேன்? உன் மேஜைக்கு வரும் ஒவ்வொரு சிப்புக்கும் தயாரிப்பாளர் கொடுக்கும் மாதிரி நிரலும், ரேடியோவின் மென்பொருள் அடுக்கும் பெரும்பாலும் சியில்தான் இருக்கும். உங்கள் நிறுவனத்தில் ஸெஃபிர் இயங்குதளம் பயன்படுத்துகிறீர்கள் என்றாய். அதுவும் சிதான். ரஸ்ட் உன்னைப் பல பிழைகளிலிருந்து காக்கும். ஆனால் எந்த முகவரியில் எந்த பிட்டை ஏற்றினால் எந்த மின்சுற்று விழிக்கிறது என்பதை அது உனக்குக் கற்றுத்தராது. இணைப்பில்லாமல் மிதக்கிற ஒரு பின் வழியே பல மைக்ரோ ஆம்பியர் கசிவதை எந்த மொழியின் கம்பைலரும் பார்க்காது. சியில் ஒரு டிரைவரை டேட்டாஷீட்டைப் பார்த்து நீயே எழுது. அடுத்து அதே டிரைவரை ரஸ்ட்டில் எழுது. இரண்டாவது முறை கம்பைலர் உன்னோடு எங்கெல்லாம் மல்லுக்கு நிற்கிறதோ, அங்கெல்லாம் முதல் முறை நீ என்ன அனுமானம் செய்தாய் என்று தாளில் குறித்துக்கொள். ஆறு மாதத்துக்கு இது போதும்.

இன்றைய சிப்புகள் பெரியவை, இந்தப் பழைய கதையெல்லாம் எதற்கு என்று உனக்குத் தோன்றலாம். நியாயம்தான். டெலோஸ் மோட்டில் ரேம் 10 கிலோபைட். இப்போது பரவலாகப் புழங்கும் என்ஆர்எஃப்52840 சிப்பில் 256 கிலோபைட். த்ரெட்டுக்கு ஸ்டாக் ஒதுக்க இடமில்லை என்ற காலம் போய்விட்டது, ஸெஃபிரில் நீ தாராளமாக த்ரெட் வைக்கலாம். ரேடியோ கேட்கும் செலவும் நாலில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் அந்த டபுள் ஏ செல் அப்படியேதான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ரசாயனம் சிப்புகளைப் போல வளரவில்லை. அதுமட்டுமல்ல, இடம் தாராளமாகிவிட்டதால் என் ஏலத்தோட்டத்து வரியைப் போன்றவற்றை எழுதுவது இப்போது இன்னும் எளிது.

காலேஜில் கற்றதை வீண் என்று நினைக்காதே. டேமியன் ஜார்ஜ் 2013-இல் மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய மைக்ரோபைத்தான், 256 கிலோபைட் நிரல் இடமும் 16 கிலோபைட் ரேமும் இருந்தால் ஓடும். புதிய சென்சார் கைக்கு வந்த அன்று நான் முதலில் எடுப்பது அதைத்தான். ஒரு வரி தட்டினால் சென்சார் உடனே பதில் சொல்லும். அரை மணியில் அதன் குணம் தெரிந்துவிடும். மின் இணைப்பு உள்ள கட்டடத்துக்குள் அதையே நிரந்தரமாக வைத்தாலும் குறையில்லை. ஆனால் பல சிப்புகளில் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்போது அது மறுபடியும் தொடக்கத்திலிருந்து கிளம்புகிறது. இன்டர்ப்ரெட்டர் எழுந்து, கோப்பைத் திறந்து, வாசித்து, அப்புறம்தான் உன் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் எழுந்தால் பரவாயில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் எழ வேண்டிய மோட்டில் அந்தக் கிளம்பும் செலவே செல்லைத் தின்றுவிடும்.

இன்டர்ப்ரெட்டர் என்றாலே விரயம் என்றும் முடிவு கட்டிவிடாதே. பழைய டெலோஸ் கணக்கிலேயே, 32 பைட் பொட்டலம் ஒன்றை வானில் அனுப்பும் ஆற்றலில் அந்தச் சிப் முப்பத்தைந்தாயிரம் சுழற்சிக்கு மேல் கணக்குப் போடலாம். இதைக் கூர்ந்து பார்த்தவர்கள் 2002-இல் மாத்தே என்ற சிறு மெய்நிகர் இயந்திரத்தை எழுதினார்கள், லெவிஸும் கல்லரும். அதில் ஒரு கட்டளை ஒரு பைட். 24 கட்டளைகள் ஒரு உறை. ஒரு உறை ஒரே பொட்டலத்தில் அடங்கிவிடும். களத்தில் கிடக்கும் மோட்டின் நடத்தையை மாற்ற வேண்டுமானால் முழு நிரலையும் வானில் அனுப்பாமல் அந்த உறையை மட்டும் அனுப்பலாம். ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், அனுப்புவதில் மிச்சம் பிடிக்கிறது. அடிக்கடி மாற்றினால் லாபம், ஒரே நிரல் வருஷக்கணக்கில் ஓடினால் நஷ்டம். சாம் மேடனும் கூட்டாளிகளும் செய்த டைனிடிபி இன்னும் ஒரு படி மேலே போனது. இன்ன நொடிக்கு ஒரு தரம் வெளிச்சத்தையும் சூட்டையும் எடு என்று தரவுத்தளத்தைக் கேட்பதுபோல ஒரு வாக்கியம் எழுதினால், வலையமைப்பே வேலையைப் பிரித்துக்கொள்ளும். சராசரி வேண்டுமென்றால் வரும் வழியிலேயே கூட்டிக்கொண்டு வரும். நிரலே தெரியாத ஓர் உயிரியல் ஆய்வாளர் நேராகக் கேட்கலாம். இன்று அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த மேஸ்திரி போன்றவர்கள் தாங்களே கேள்வி கேட்க ஒரு மொழி வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. உனக்கு எப்போதாவது வாய்த்தால் அந்தத் திசையில் யோசி.

வானில் நிரல் மாற்றுவதைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2005 ஆகஸ்டில் எக்வடோரில் ரெவென்டடோர் எரிமலைச் சரிவில் 16 மோட்டுகளைப் பத்தொன்பது நாள் வைத்து ஆய்வாளர்கள் நில அதிர்வுகளைப் பதிவு செய்தார்கள். நடுவில் ஒரு மென்பொருள் கோளாறால் மொத்த வலையமைப்பும் மூன்று நாள் முடங்கியது. எரிமலை மேல் ஏறி மோட்டுகளுக்குக் கையால் நிரலேற்ற வேண்டியிருந்தது. அதை மறைக்காமல் கட்டுரையிலேயே எழுதிவைத்தார்கள். அப்படிப்பட்ட கட்டுரைகளைத் தேடிப் படி. வெற்றியை மட்டும் எழுதியவை உனக்கு அவ்வளவாக உதவாது.

மொழி எதுவானாலும் கூடவே பழக வேண்டியது மின்னோட்டத்தை அளப்பது. சாதாரண மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்து அளந்தால் தூக்கத்தின் எண் சரியாக வரும். ஆனால் ரேடியோ எழும் நொடியில் மீட்டருக்குள் இருக்கும் தடையே மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிடும். போர்டு ரீசெட் ஆகும், நீ நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பாய். சிறிய மின்தடை ஒன்றைத் தொடரில் போட்டு அலைநோக்கியில் பார், இல்லையென்றால் இதற்கென்றே வரும் அளவியை ஆபீஸில் கேட்டு வாங்கு. டீபக்கரைக் கழற்றிவிட்டு அள. அது மாட்டியிருக்கும்வரை பல சிப்புகள் ஆழ்ந்து தூங்காது. சீரியல் போர்ட்டை மூடிவிட்டாயா என்று பார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த எண்ணைத் தேதி போட்டு எழுதிவை. ஒரு நாள் காலையில் 4 மைக்ரோ ஆம்பியர் 40 ஆகியிருக்கும். எந்த வரி அதைச் செய்தது என்று அன்றே தெரிந்தால் பத்து நிமிஷ வேலை, மலையில் தெரிந்தால் ஒரு பருவம் போய்விடும்.

வாட்ச்டாக் விஷயத்தில் என் தவறை நீ செய்யாதே. முக்கிய வேலைகள் எல்லாம் ஒரு சுற்று முடிந்த பிறகுதான், முதன்மை நிரலிலிருந்து, அதற்குச் சொல்ல வேண்டும். கடைசியாக எதனால் ரீசெட் ஆனது என்ற காரணத்தை ஃபிளாஷில் எழுதி, எழுந்ததும் முதல் பொட்டலத்திலேயே அனுப்பு. செத்த மோட்டும் அப்போது ஏன் செத்தது என்று சொல்லும்.

உன் அப்பா அடுத்த வாரம் சென்னை வருகிறேன் என்றான். அவனிடம் ஒரு சிறு பெட்டி கொடுத்துவிடுகிறேன். அதில் இரண்டு டெலோஸ் மோட் இருக்கிறது. ஒன்று வேலை செய்யும். இன்னொன்று அந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, இணைப்பியில் பச்சை அப்படியே இருக்கிறது, துடைத்துவிடாதே. அந்த நிரலின் அச்சுப்பிரதியும் வைத்திருக்கிறேன், அந்த வரிக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். நீ இப்போது வேலை செய்கிற போர்டு தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து எனக்கு எழுது. எண்ணை மட்டும் எழுதாதே. எத்தனை வோல்ட்டில், எந்த அளவியில், ரேடியோ அணைந்திருந்ததா இல்லையா என்றும் எழுது. டேட்டாஷீட்டில் சொன்ன எண்ணுக்கும் நீ அளந்த எண்ணுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ, அதிலிருந்து அடுத்த கடிதத்தைத் தொடங்குவோம்.

அன்புடன்,
உன் அத்தை